ஒரு பெர்சி என்றால் இரண்டு மைக்ரான்

ஜூன் 8, 2015, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டேன். அளவு பார்க்கும் அறை எனக்கே எனக்கு. பன்னிரண்டடிக்குப் பத்தடி. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் நான்கு கிரைண்டிங் மெஷின்கள். ஏ.சி. எந்நேரமும் இருபது டிகிரியில் ஓட வேண்டும். இரும்பு சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும் என்பதால் உலகம் முழுக்க இருபது டிகிரியில் அளப்பது என்று பெரியவர்கள் எப்போதோ கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். மனுஷிக்கு எத்தனை டிகிரி தோதுப்படும் என்று அவர்கள் பேசினதாகத் தெரியவில்லை.

இங்கே செய்வது கம்ப்ரஸருக்குள் போகிற பின். கையடக்கமான இரும்புக் குழாய்த் துண்டு. வெளிவிட்டம் நாற்பது மில்லிமீட்டர். அதற்கு மேல் ஒரு மைக்ரான்கூடப் போகக் கூடாது, கீழே ஐந்து வரை போகலாம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு மைக்ரான். என் தலைமுடி எழுபது மைக்ரான் இருக்கும். அம்பத்தூரில் வேலை பார்த்தபோது ஒரு மத்தியானம் அளந்து பார்த்திருக்கிறேன்.

அந்தக் கம்பெனி இருபத்திரண்டு வருடம் கழித்து மூடிவிட்டதால் நாற்பத்தொன்பது வயதில் கோயம்புத்தூர். நாசரேத்தில் இருக்கும் அக்கா, "ஒத்தைக் கட்டைக்கு என்னத்துக்குட்டி இந்த அலைச்சல்? இங்க வந்து இரி" என்றாள். அவள் வீட்டில் எனக்கு ஒதுக்குவது தையல் மெஷின் இருக்கும் அறை. இங்கே கணபதியில் மாடியில் ஒரு போர்ஷன் பிடித்திருக்கிறேன். தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்.

ஜூன் 11, வியாழன்

ஸ்வெட்டர் வாங்கினேன். ஜூன் மாதத்தில் ஸ்வெட்டரா என்று கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார்.

ஜூன் 24, புதன்

இன்று சண்டை. காலையில் ஒவ்வொருவரும் முதல் பின்னை அரைத்ததும் என்னிடம் காட்டி, நான் சரி சொன்ன பிறகே மற்றதை அரைக்க வேண்டும். மற்ற மூன்று பேரும் பின்னை மேஜைத் தட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். திருமூர்த்தி என்று ஒருவர் இருக்கிறார். ஐம்பத்து நான்கு வயது, இருபத்தாறு வருடமாக அதே மெஷின். அவர் பின்னைத் தட்டில் வைக்க மாட்டார், என் கையிலேயே கொடுப்பார். கொடுத்துவிட்டு நின்று பேசுவார். இன்று அவருடைய பின் இரண்டு மைக்ரான் கூட என்று அளவுமானியின் முள் காட்டியது. மறுபடி அரைக்க வேண்டும் என்று சிவப்பு அட்டை கட்டினேன்.

"ஏனுங் மேடம், இதுல என்னத்தக் கண்டீங்க?"

"ரெண்டு மைக்ரான் கூட இருக்கு."

"ரெண்டு மைக்ரானுங்களா! அதை நீங்க ஒருத்தரு பாத்திருக்கறீங்க, மேல இருக்கற சாமி பாத்திருக்கும். வேற ஆரு கண்ணுக்குமே தெரியாதுங்க."

"முள்ளுக்குத் தெரியுதுல்லா. போய் அரைச்சிட்டு வாங்க."

அவர் கதவைத் திறந்து, மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார். "எல்லாரும் கேட்டுக்கங்கப்பா! இன்னிலருந்து ரெண்டு மைக்ரானுக்கு ஒரு பெர்சின்னு பேரு! இந்தப் பின்னு ஒரு பெர்சி கூடவாம்!" மற்ற மூன்று மெஷின்காரர்களும் சிரித்தார்கள். ஃபோர்மேன் வெள்ளியங்கிரியும் சிரித்தார்.

பெர்சிஸ் என்பது ரோமர் நிருபத்தில் வருகிற பெயர், அப்பா பார்த்துப் பார்த்து வைத்தது. அதை இப்படி முறித்து ஏலம் விட்டதில் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வீட்டுக்கு வந்து குழம்பைச் சுட வைக்கும்போது ஒன்று தோன்றியது. இந்த ஊருக்கு வந்த பதினெட்டு நாளில் என் பெயரை ஒருவர் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டது இன்றைக்குத்தான்.

ஜூலை 4, சனி

பெயர் ஒட்டிக்கொண்டது. கேன்டீனில் மயிலாத்தாளிடம் ஒருவர், "டீல அரைப் பெர்சி சக்கரை போடுங்கக்கா" என்கிறார். கம்பெனி பஸ் பத்து பெர்சி லேட். வெள்ளியங்கிரி நேற்றுச் சவரம் செய்துகொண்டு வந்ததற்கு, மீசையில் இடது பக்கம் ஒரு பெர்சி குறைந்திருக்கிறதாம். நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். நானும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன். திரும்பி வருகிற வழியில் சிரிப்பு வந்துவிட்டது.

ஜூலை 17, வெள்ளி

விளையாட்டாக ஆரம்பித்தது வேலைக்கு ஆகிவிட்டது. இங்கே மெஷின் சக்கரத்தில் இருக்கும் கோட்டை வைத்துத்தான் பேச்சு. "இன்னும் ரெண்டு கோடு எடு" என்பார்கள். ஆனால் பழைய மெஷினில் ஒரு கோடு இரண்டு மைக்ரான், திருப்பூரிலிருந்து வாங்கி வந்த மெஷினில் ஐந்து. ஆள் மாறி நின்றால் பின் நாசம். போன வாரம் இருபது பின் அப்படிப் போனதும் வெள்ளியங்கிரி, "இனி ஆரும் கோடு பேசப்படாது. பெர்சிதான்" என்று சொல்லிவிட்டார். கரும்பலகையில் எந்த மெஷினில் ஒரு பெர்சிக்கு எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சாக்பீஸால் எழுதியிருக்கிறது. சின்ன முதலாளி பிரணவ் முப்பது வயது, வெளிநாட்டில் படித்தவர். அவரே இன்று மீட்டிங்கில், "அந்த லாட்ல ஒரு பெர்சி வருது" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 5, புதன்

திருமூர்த்தி வாயாடி. என் வேலை கெடுகிறது. இன்று பதினேழு நிமிடம் நின்றார். அவர் வீட்டு எருமை அவர் சம்சாரம் ராஜாமணியைத் தவிர வேறு யாரையும் கிட்டே விடாதாம். அந்த அம்மாள் போன வாரம் உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட, இவர் அவருடைய சேலையைச் சுற்றிக்கொண்டு பால் கறக்கப் போயிருக்கிறார். எருமை ஒரு நிமிடம் ஏமாந்துவிட்டு, பிறகு முகர்ந்து பார்த்து உதைத்ததாம். "பாருங்கம்மிணி" என்று முழங்காலைக் காட்டினார். அதுவரை மேடம் என்றுதான் சொல்வார். அம்மிணி என்பது இந்தப் பக்கத்தில் தங்கை முறை உள்ளவர்களை அழைப்பது என்று மயிலாத்தாள் சொன்னாள். நானாகக் கேட்கவில்லை, பேச்சுவாக்கில் வந்தது.

பின் இரண்டு மைக்ரான் கூட. மறுபடி அரைத்துப் பதினொன்றரைக்குக் கொண்டுவருவார்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

நேற்று சுதந்திர தினம், லீவு. இன்று ஞாயிறு. வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு ஒருவரிடமும் பேசவில்லை போலிருக்கிறது. சர்ச்சில் ஆமென் சொன்னபோது குரல் கரகரவென்று வந்து பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். மத்தியானம் ஜன்னல் திரையைத் துவைத்தேன். அது அழுக்காக இல்லை.

செப்டம்பர் 3, வியாழன்

திருமூர்த்தி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கண்ணாஸ்பத்திரிக்குப் போயிருந்தாராம். "ஆஸ்பத்திரில கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்கறாங்க. நான்தான் கட்டாயப்படுத்தி வாங்கிட்டனுங்க. என்ற கண்ணுல கோளாறு இல்லாம தெனம் ஒரு பெர்சி எப்படிக் கூடும்?" மூக்கில் அது சரியாக உட்காரவில்லை, பேசும்போது நழுவுகிறது. இருபத்திரண்டு நிமிடம். பின் இரண்டு மைக்ரான் கூட.

செப்டம்பர் 18, வெள்ளி

பிரணவ் நான்கு மெஷின்காரர்களையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். தானாக ஓடும் புது மெஷின் தீபாவளிக்கு முன்னால் வருகிறது. நான்கு பேருக்கு இனி மூன்று பேர் போதும். மறுபடி அரைக்கிற மறுவேலை யாருக்கு அதிகமோ அவர் பேக்கிங்குக்குப் போக வேண்டும். என் ரிஜிஸ்டரைத்தான் பார்த்தார்கள். ஜூனிலிருந்து திருமூர்த்தி பெயரில் நாற்பத்தேழு. அடுத்தவர் பெயரில் ஆறு.

சாயங்காலம் வெள்ளியங்கிரி வந்து கதவருகில் நின்றார். "ரெண்டு மைக்ரான்தானுங்க மேடம். கொஞ்சம் கண்டும் காணாம உட்டீங்கன்னா, இருவத்தாறு வருசம் நின்ன எடத்துல அந்த மனுசன் நின்னுட்டுப் போவாரு."

"நான் கண்டும் காணாம விட்டா நாளைக்கு கம்ப்ரஸர் இறுகி நிக்கும். என் முள் யாருக்காகவும் பொய் சொல்லாது" என்றேன். சொல்லும்போது நிமிர்ந்து நின்றுதான் சொன்னேன்.

அவர் போன பிறகு ரிஜிஸ்டரை மூடி வைத்தேன். எண் எண்தான். ஆனால் அவர் பேக்கிங்குக்குப் போனால் அது காம்பவுண்டின் அந்தக் கோடியில் இருக்கிறது. அங்கிருந்து இந்த அறைக்கு வர ஒருவருக்கும் ஒரு வேலையும் இருக்காது.

அக்டோபர் 21, புதன்

ஆயுத பூஜை. மெஷினுக்கெல்லாம் மாலை. திருமூர்த்தி பொரி கடலை கொண்டுவந்து கொடுத்தார். "நீங்க வேதக்காரங்க, சாமி கும்புட வேண்டாமுங்க. பொரி தின்னலாமுங்களே?" பன்னிரண்டு நிமிடம் நின்றார். இன்று மெஷின் ஓடவில்லை, அளக்க பின் எதுவும் இல்லை.

நவம்பர் 2, திங்கள்

திருமூர்த்தியைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். அவர் தினமும் வருகிற எட்டே முக்காலுக்கு யாரும் வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. வர மாட்டார்கள் என்று தெரிந்துதான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 4, புதன்

கடைசி நாட்களில் அவர் அரைத்துச் சிவப்பு அட்டை வாங்கி, மறுபடி அரைக்க எடுக்காமல் விட்ட எட்டு பின்கள் சனிக்கிழமையிலிருந்து யாரும் தொடாமல் என் தட்டிலேயே கிடந்தன. புது ஆளிடம் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை அளந்து வைப்போம் என்று எடுத்தேன். சரியாக இருந்தது. அடுத்ததும் சரி. எட்டும் சரி. எட்டும் மேல் விளிம்பை ஒட்டி, ஒரு மைக்ரான்கூடத் தாண்டாமல், ஒன்றுபோல நின்றன. ரிஜிஸ்டரில் எட்டுக்கும் என் கையெழுத்தில் "+2".

முள்ளைச் சோதித்தேன். முள்ளில் குறை இல்லை.

நவம்பர் 5, வியாழன்

இன்று காலை ஒரு பின்னைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வந்து நின்றால் எப்படி வைத்திருப்பேனோ அப்படி, இரண்டு கைக்குள்ளும் உருட்டிக்கொண்டே. கடிகாரத்தில் பத்து நிமிடம். எருமை கதையை முதலிலிருந்து நினைத்துப் பார்த்தேன், நேரம் போக வேண்டுமே. பிறகு அளந்தேன். முள் இரண்டு மைக்ரான் ஏறி நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். மெதுவாக இறங்கி, அரை மணியில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

கைச்சூடு. இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம் அது. பொருளைத் தட்டில் ஆற விட வேண்டும், உறை போட்ட கையால் எடுக்க வேண்டும். மற்றவர்களின் பின் தானாகவே தட்டில் ஆறிக் கிடந்தது, எடுத்துப் பத்து விநாடியில் அளந்து வைத்தேன். அவர் கையிலிருந்து சூடாக வாங்கி, என் கையிலும் வைத்திருந்து, அவர் பேச்சை முழுக்கக் கேட்டு முடித்து, அதற்கப்புறம் அளந்தேன். ஐந்து மாதம். வேறு யாராவது செய்திருந்தால் நான் அவரை வேலையை விட்டே போகச் சொல்லியிருப்பேன்.

ஒரு பெர்சி என்பது என் கைச்சூடு. அதைத்தான் இந்தக் கம்பெனி முழுக்க அளவாக வைத்துக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 6, வெள்ளி

சொல்லவில்லை.

நவம்பர் 9, திங்கள்

இன்றும் சொல்லவில்லை. தீபாவளி போனஸ் சமயத்தில் எதற்கு என்று ஒரு சாக்கு. சொன்னால் வேலை போகும், நாசரேத்தில் அந்தத் தையல் மெஷின் அறைதான் என்று இன்னொரு சாக்கு. இரண்டும் நிஜம்தான். மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதை எழுத வரவில்லை.

நவம்பர் 12, வியாழன்

கணக்குப் பார்க்கிற மாதிரி பேக்கிங் பக்கம் போனேன். திருமூர்த்தி ஸ்டூலில் உட்கார்ந்து பின்களை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். யாரோ அரைத்த பின். சுற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார், பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

"தீபாவளி நல்லாப் போச்சா?" என்றேன்.

"போச்சுங்கம்மிணி. பையன் வந்திருந்தான். பெங்களூருக்கு வந்துருங்கப்பாங்கறான். மெசின்ல ஆகாத ஆளு அங்க போயி என்ன பண்றதுங்க?" கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "ஒண்ணு சொல்லட்டுங்களா? உங்க மேல வருத்தமில்லீங்க. நீங்க முள்ளு என்ன காட்டுச்சோ அதச் சொன்னீங்க. என்ற கைதானுங்க போயிருச்சு. ராத்திரி படுத்தா கைய நீட்டி நீட்டிப் பாத்துக்கறனுங்க, நடுங்குதான்னு."

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கண்ணாடிச் சுவர் என்பதால் ரிஜிஸ்டரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டு.

நவம்பர் 16, திங்கள்

பிரணவிடம் சொல்லிவிட்டேன். எட்டு பின்னையும் தட்டோடு கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்துச் சொன்னேன்.

அவர் நம்பவில்லை. "மத்த மூணு பேரோட பீஸும் நீங்கதானே பார்த்தீங்க மேடம்? அதெல்லாம் எப்படிச் சரியா வந்துச்சு?"

"அவங்க தட்டுல வச்சிட்டுப் போயிருவாங்க. இவரு நின்னு பேசுவாரு. நான் கேட்டுக்கிட்டே கையில வச்சிருப்பேன்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம். சில நாள் இருபது."

"தினமுமா?"

"தினமும்."

பேனாவை மூடினார், திறந்தார். "வேலை விஷயமாப் பேசுவாரா?"

"இல்லை. எருமை விஷயம்."

அவர் சிரித்திருக்கலாம், சிரிக்கவில்லை. அது நல்ல பிள்ளை. என்னைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டு, "நீங்க அவரைத் தட்டுல வச்சிட்டுப் போங்கன்னு சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார்.

"சொல்லியிருக்கலாம்" என்றேன். "சொல்லலை."

மெமோ கொடுத்தார். வேலையை எடுக்கவில்லை. திருமூர்த்தி இந்த வாரமே மெஷினுக்குத் திரும்புகிறார். புது மெஷினைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டதால் மற்றவர்களுக்கும் நஷ்டமில்லை. இனி இப்படி நடக்காமலிருக்க விதி எழுதித் தரச் சொன்னார்.

நவம்பர் 17, செவ்வாய்

எழுதிக் கொடுத்தேன். கண்ணாடிச் சுவரில் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, பின்னை அதன் வழியே தட்டில் வைக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆற வேண்டும். அளக்கிறவர் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அளக்கிறவர் தவிர வேறு யாரும் உள்ளே வரக் கூடாது.

பிரணவ் கடைசி விதியில் பேனாவை வைத்தார். "இது தேவையா மேடம்? கையுறை போட்டுட்டாலே போதுமே."

"ஒரு ஆள் நின்னா நூறு வாட் பல்பு எரியிற மாதிரி. அறை சூடாகும்" என்றேன். அது உண்மை. வேறு காரணமும் இருக்கிறது. அவர் மறுபடி வந்து நின்று பேச ஆரம்பித்தால் நான் போகச் சொல்ல மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

நவம்பர் 19, வியாழன்

ஜன்னல் வெட்டியாகிவிட்டது. எட்டே முக்காலுக்குத் திருமூர்த்தி வந்தார். கண்ணாடி போடவில்லை. பின்னைத் தட்டில் வைத்தார்.

"மன்னிச்சிருங்க" என்றேன். அந்த ஓட்டை வழியாகக் குனிந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

"அஞ்சு மாசம் என்ற கைய நானே நம்பாம இருந்தனுங்க மேடம்." பின்னைத் தட்டின் நடுவுக்குத் தள்ளி வைத்தார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா ஆருக்குத் தெரியப் போகுதுங்க? சொன்னீங்களே, அதுக்குக் கும்புடறனுங்க." ஜன்னலின் தகரத்தைக் கீழே இறக்கிவிட்டுப் போனார்.

மேடம் என்றுதான் சொன்னார், அம்மிணி என்று சொல்லவில்லை.

டிசம்பர் 25, வெள்ளி

கிறிஸ்துமஸ். அக்கா போனில் பேசினாள். கேக் வாங்கி மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் கொடுத்தேன். மிச்சம் இருக்கிறது.

டிசம்பர் 31, வியாழன்

இந்த மாதம் திருமூர்த்தி பெயரில் மறுவேலை பூஜ்யம். என் இத்தனை வருட வேலையில் இவ்வளவு சுத்தமாக அரைக்கிற கையைப் பார்த்ததில்லை. அதைச் சொல்ல ஜன்னலைத் தூக்கினேன், அவர் அதற்குள் போய்விட்டிருந்தார்.

ஜனவரி 20, 2016, புதன்

பின் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஆடிட்டர் ஒருவர் வந்தார். சென்னைக்காரர், நாற்பது வயதிருக்கும். விதிப்படி உள்ளே வரக் கூடாது என்றதும் சந்தோஷப்பட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் போட்டுத் தந்தார்கள். என் ரிஜிஸ்டர், என் கையுறை, தட்டில் பின் ஆறுகிற நேரம், எல்லாம் கேட்டார். நானும் சொன்னேன். பேச்சு அரை மணி நேரத்துக்கு மேல் போனது. வேண்டாததையும் இரண்டு தடவை விளக்கினேன்.

எழுந்திருக்கும்போது, "வெளியில கரும்பலகையில பெர்சின்னு ஒரு அளவு எழுதியிருக்கே, பார்த்திருக்கீங்களா மேடம்?" என்றார். "நான் புத்தகத்துல எங்கேயும் படிச்சதில்லை. அந்தக் கிரைண்டிங்கில இருக்காரே பெரியவர், அவர்கிட்ட கேட்டேன். யாரோ வெள்ளைக்காரர் பேராம். ரொம்பச் சுத்தமா அளக்கிற ஆளாம். செத்து நூறு வருஷம் ஆச்சுன்னார்."

கண்ணாடி வழியாகத் திருமூர்த்தியைப் பார்த்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கைச்சூட்டுக் கதை இந்த ஆளின் ரிப்போர்ட்டில் ஏறி என் வேலைக்கு ஆபத்தாகிவிடக் கூடாது என்று சொன்னாரா, இல்லை அவர் வரையில் நான் நிஜமாகவே செத்தவள்தானா, எனக்குத் தெரியவில்லை. போய்க் கேட்கவும் முடியாது.

"அப்படியா" என்றேன்.

"ரிப்போர்ட்ல போடணும், உங்க பேர் என்ன மேடம்?"

சொன்னேன்.

"அட, அதே மாதிரி பேரு!" என்று சிரித்துக்கொண்டே எழுதினார். எழுத்துக்கூட்டிக் காட்டச் சொன்னார், காட்டினேன். கை கொடுப்பதற்கு ஜன்னல் வழியே கையை நீட்டிவிட்டு, என் கையுறையைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டு இழுத்துக்கொண்டார். அவர் போன பிறகு வெள்ளியங்கிரி யாரையோ பார்த்து, "இன்னொரு பெர்சி எடப்பா" என்று கத்துவது வாயசைவில் தெரிந்தது. தகரத்தை இறக்கிவிட்டால் சத்தம் உள்ளே வராது. பின் ஆற இன்னும் இருபது நிமிடம் இருந்தது, உட்கார்ந்திருந்தேன்.